கல்முனைக்குக் கொண்டுபோன தீப்பெட்டி

கொழும்பில் சுங்க அதிகாரி என் சட்டைப்பையிலிருந்த தீப்பெட்டியை வாங்கித் திறந்து பார்த்தார். உள்ளே குச்சி இல்லை. பஞ்சில் பொதிந்த ஒரு செப்புத் துண்டும், அதன் துளைக்குள் நுழைய வேண்டிய ஒரு சின்ன உலக்கையும் இருந்தன. என்ன இது என்று கேட்டார். அதைச் செய்ய ஆறு வாரம் ஆயிற்று. சொல்ல ஆறு நிமிஷமாவது வேண்டும். நான் ஆரம்பித்த உடனேயே மனிதருக்குக் கொட்டாவி வந்துவிட்டது. தீப்பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெரிய பெட்டியைக் குடைந்தார். இரண்டு கம்பளிச் சட்டை, ஒரு தொழுகைப் பாய், ஒரு கைக்கடிகாரம், ஏழெட்டு நோட்டுப் புத்தகம். அதில் என்னுடையது ஒன்றும் கிடையாது. எல்லாம் செத்துப்போன என் நண்பன் ஆதம்பாவாவின் சாமான்கள். பழைய துணிதானே, போங்கள் என்றுவிட்டார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அதற்கு முன் நாலு வருஷம் நானும் ஆதமும் ஐரோப்பாவில் ஒரு குளிர் தேசத்து ஆய்வுக்கூடத்தில் ஒன்றாக வேலை பார்த்தோம். ஊர் பெயர் இங்கே வேண்டாம். நான் கோயம்புத்தூர் லேத்துப் பட்டறையிலிருந்து போனவன். உலோகத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுணுக்கமாகக் கடைவது என் வேலை. அவன் கல்முனைக்காரன், இயற்பியல் படித்தவன். நாங்கள் கட்டிக்கொண்டிருந்தது எலக்ட்ரான் பாராகாந்த ஒத்திசைவு பார்க்கிற கருவி. பெயர்தான் வாயில் நுழையாது, விஷயம் எளிது. ஒரு பொருளைக் காந்தத்தின் நடுவே வைத்து நுண்ணலையைப் பாய்ச்சினால், அதிலுள்ள ஜோடியில்லாத எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் அலையை விழுங்கும். காகிதத்தில் அது ஒரு கோடாக விழும். சாதாரணக் காந்தத்தில் இரண்டு வேறு பொருள்களின் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு ஒரே கோடு மாதிரித் தெரியும். காந்தத்தின் பலத்தைப் பதினைந்து மடங்கு கூட்டினால் இரண்டும் விலகி நிற்கும். அவ்வளவு பெரிய காந்தத்துக்கு ஏற்ற கருவி அன்றைக்குக் கடையில் கிடைக்காது. நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

காந்தம் பெரிதானால் அலை சின்னதாக வேண்டும். அலை சின்னதானால் பொருளை வைக்கிற செப்பு அறையும் சின்னதாக வேண்டும். எங்கள் அறை கடைசியில் ஒரு பச்சைப்பயறு நுழையாத அளவுக்கு வந்து நின்றது. அதற்குள் உலக்கை மேலும் கீழும் போய் வரவேண்டும், ஆனால் சுவருக்கும் அதற்கும் நடுவே அலை கசியக் கூடாது. தலைமயிரை முப்பதாகப் பிளந்தால் ஒரு பங்கு எவ்வளவு வருமோ அதற்கு மேல் இடைவெளி ஆகாது. ஆறு வாரம் கடைந்து, ஒரு வெள்ளிக்கிழமை பொருத்திப் பார்த்தேன், பொருந்தியது. சந்தோஷத்தில் ஆதமின் முதுகில் ஒரு குத்து விட்டேன். திங்கட்கிழமை வந்து பார்த்தால் அறையின் உள்சுவரில் ஒரு கீறல். உலக்கை நுழைய மறுத்தது. கழற்றும்போது நான்தான் கை பிசகியிருக்கிறேன் என்று முடிவு கட்டி, அந்தப் பனிக்காலம் முழுக்க என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

இனி, சொல்லக் கூசுகிற விஷயம். அந்தக் காந்தம் ஹீலியத் திரவத்தில் மூழ்கிக் கிடக்கும். சுருளில் ஏதாவது ஓரிடம் சூடேறிவிட்டால் திரவம் மொத்தமும் ஒரே மூச்சில் வாயுவாகிவிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கூரையில் சேர்ந்து, மேலிருந்து கீழாக அறையை நிரப்பும். அது வெளியேறுவதற்காகவே சுவரின் உச்சியில் ஒரு சின்ன ஜன்னல் வைத்து, எப்போதும் திறந்திருக்கட்டும் என்று எழுதியும் போட்டிருந்தார்கள். பனிக்காற்று அந்த வழியாகத்தான் வந்து என் பிடரியில் இறங்கும். நான் முக்காலி போட்டு ஏறி மூடுவேன். ஆதம் வந்து திறப்பான். "செத்துப் போயிருவோம்டா" என்பான். "குளிர்லயே செத்துருவேன் போலிருக்கு" என்பேன் நான். ஒரு நாள் சாயங்காலம் அதை மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது ஹீலியம் மொத்தமும் வாயுவாகிப் போயிருந்தது, கருவியின் காலடியில் ஆதம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உயிர் இல்லை. காற்றில் ஜன்னல் தானாகச் சாத்திக்கொண்டிருக்கலாம் என்று விசாரணையில் எழுதினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

அவனை அங்கேயே அடக்கம் செய்தோம். துருக்கித் தொழிலாளிகள் ஆறு பேர் வந்து அவர்கள் முறைப்படி தொழுதார்கள். தொழத் தெரியாத ஏழாவது ஆளாக நான் பின்னால் நின்றேன். அதற்குப் பிறகு எனக்கு அந்த ஊரில் வேலை ஓடவில்லை. மூட்டை கட்டிக்கொண்டு கோவைக்கு வந்தேன், ஆறு மாசம் சும்மா இருந்தேன், பிறகு இன்ன நாள் வருகிறேன் என்று அவன் வீட்டுக்கு ஒரு கடிதம் போட்டுவிட்டுக் கிளம்பினேன். ஜன்னலை மூடியது நான் என்று அவனுடைய அம்மாவிடம் சொல்ல வேண்டும். அவர் காறித் துப்பினாலும் நின்று வாங்கிக்கொண்டு வரவேண்டும். சாமான் கொடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னது பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை.

முதல் நாள் ரயில். எதிரே ஒரு சிங்கள அம்மாள், மடியில் வாழையிலைப் பொட்டலம். நான் பெட்டியைக் காலுக்கிடையில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பக்கத்து ஆளிடம் ஏதோ கேட்டார். "சாவு வீட்டுக்கா போறார் எண்டு கேக்கிறா" என்று அந்த ஆள் எனக்குத் தமிழில் சொன்னார். ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த அம்மாள் பொட்டலத்தைப் பிரித்துப் பாதிச் சோற்றை எனக்குத் தள்ளினார். மாசிக் கருவாட்டுச் சம்பலின் காரத்தில் எனக்குக் கண்ணில் நீர் வந்தது. அழுகிறேன் என்று நினைத்து அவர் தண்ணீர் போத்தலையும் நீட்டினார். காரம்தான் என்று விளக்கிச் சொல்ல நாங்கள் ரெண்டு பேருக்கும் பொதுவான மொழி இல்லை.

இரண்டாம் நாள் பஸ். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவே ஒரு ரோடு. எங்கள் ஊரில் தண்ணீரைப் பார்க்கச் சிறுவாணிக் குழாயைத் திறக்க வேண்டும். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். அறுவடைக் காலம் என்பதால் பாதி ரோட்டில் நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். டிரைவர் நெல்லின் மேல் ஏற்றாமல் வளைந்து வளைந்து ஓட்டினார். மனிதர்கள் மேல் ஏற்றாமலிருக்க அவர் அவ்வளவு சிரமப்பட்டதாகத் தெரியவில்லை.

கல்முனையில் இறங்கியதும் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஏறினேன். "புட்டுக்கு என்ன ஆணம் வேணும்?" என்று கடைக்காரர் கேட்டார். ஆணியா என்று கேட்டேன். கடையே சிரித்தது. ஆணம் என்றால் குழம்பு. சரி, கறி போடுங்கள் என்றேன், ஆட்டிறைச்சி வருமென்று நினைத்து. வாழைக்காய் வந்தது, அங்கே அதுவும் கறிதான். எனக்குக் கொஞ்சம் கோபம். தமிழ் தெரிந்தவனுக்குத் தமிழ் பேசுகிற ஊரில் என்ன தடுமாற்றம் என்கிற திமிர் எனக்கு உண்டு. நாலு வருஷம் கல்முனைக்காரன் ஒருவனோடு இரவும் பகலும் தமிழில் பேசியவன் நான். அவன் இப்படியெல்லாம் பேசியதே இல்லையே என்று யோசித்தபோதுதான் உறைத்தது: எனக்குப் புரிய வேண்டுமென்று அவன் என்னுடைய தமிழில் பேசியிருக்கிறான். நான் ஒரு நாளும் அவனுடைய தமிழைக் கேட்கவில்லை. அந்தப் புட்டை முழுதாகச் சாப்பிட முடியவில்லை.

வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. "வெளிநாட்டுல மௌத்தான ஆதம்பாவாட உம்மா ஊடா?" என்று கேட்டு, ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டே என்னைக் கொண்டுபோய் வாசலில் விட்டார். ஆதமின் தங்கை பாத்தும்மாவும் அவள் புருஷன் மீராசாவும் அங்கே இருந்தார்கள். அங்கெல்லாம் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் வந்து வாழ்கிறார். கூடத்தில் நெல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. "கதிரைல இரிங்க தம்பி" என்றார் மீராசா. நெல்லின் மேலா உட்காரச் சொல்கிறார் என்று நான் மூட்டைகளைப் பார்த்து விழித்தேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அதற்குப் பெயர் கதிரை.

உம்மா வெள்ளை முக்காட்டைச் சரிசெய்துகொண்டே வந்தார். சின்ன உடம்பு, வெடித்த பாதங்கள். நான் எழுந்து கைகூப்பினேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "வந்திட்டீங்க மகன்" என்றார். நெடுநாளாக எதிர்பார்த்த ஆளிடம் பேசுகிற மாதிரி இருந்தது.

பெட்டியைத் திறந்தோம். அவர் ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு மகளிடம் கொடுத்தார். ஒரு கம்பளிச் சட்டையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டார். "மையத்தக் கூட நாங்க காணல்ல" என்று, அண்ணனின் உடலைக்கூடப் பார்க்காத வருத்தத்தில், பாத்தும்மா முந்தானையால் முகத்தைப் பொத்தினாள். "அண்டையில இருந்து உம்மா ஊட்டுல இரிக்கல்ல. காக்காவோட பழகின எல்லாரிட்டயும் தேடித்தேடிப் போயிட்டு வந்திட்டா. நீங்க ஒராள்தான் மிச்சம்."

காக்கா என்றால் அங்கே அண்ணன். உம்மா துக்கத்தில் அலைந்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்திலும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அப்படி அலைவதுண்டு. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று எனக்குள் ஒரே அடியாக அடித்துக்கொண்டிருந்தது. பிற்பகல் அசர் தொழுகையை முடித்து உம்மா வந்து உட்கார்ந்ததும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். வந்தார். கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் தீப்பெட்டியை எடுத்துத் திறந்து, செப்பு அறையையும் உலக்கையையும் அவருடைய உள்ளங்கையில் வைத்தேன். "நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சதுங்கம்மா" என்றேன்.

அவர் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். "இதுதானா மகன் அது?" என்றார்.

"இதுதானுங்க."

"பொருந்திக்கிட்டீங்களா மகன்?"

பொருந்துகிறதா என்று கேட்கிறார் என்று நினைத்தேன். மகன் செய்த வேலை நன்றாக வந்ததா என்று கேட்கிற தாய். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஏற்கெனவே ஒரு பொய்யைச் சுமந்துகொண்டிருக்கிறவனுக்கு இன்னொன்று வேண்டாமென்று பட்டது. என் தொழிலில் பொருந்தாததைப் பொருந்தியது என்று சொல்வதும் கிடையாது.

"இல்லீங்கம்மா" என்றேன். "நானும் எவ்வளவோ பாத்துட்டேன். பொருந்தலீங்க."

"இனியும் ஏலாதா மகன்?"

"முடியாதுங்கம்மா. உள்ளுக்குள்ள ஒரு கீறல் விழுந்துருச்சு. கீறல் விழுந்தா அவ்வளவுதான்."

உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "புள்ள தெரியாமச் செஞ்சிட்டான் மகன்" என்றார், எனக்கே சரியாகக் கேட்காத குரலில்.

பிள்ளைப் பாசம், எதுவும் தெரியாமல் பேசுகிறார் என்று எண்ணினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய்க்கு அன்றைக்கு என்ன வந்ததோ, "தெரிஞ்சு செஞ்சாலும் தெரியாம செஞ்சாலும் கீறல் கீறல்தானுங்களே" என்று சொல்லி வைத்தேன்.

அவர் செப்புத் துண்டையும் உலக்கையையும் என் கையில் திருப்பித் தந்துவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்து, உள்ளே போனார். கம்பளிச் சட்டை தரையில் விழுந்தது. பாத்தும்மா அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். மீராசா என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். நான் ஜன்னலைப் பற்றி வாயே திறக்கவில்லை, அதற்குள் இந்த வீட்டில் ஏன் விளக்கணைந்தது மாதிரி ஆகிவிட்டது என்று எனக்குப் புரியவில்லை.

பொழுது சாய்ந்ததும் சோறு போட்டார்கள். நெய்ச்சோறு, கோழி, கத்தரிக்காய், எருமைத் தயிர், வட்டிலப்பம். ஒரு கல்யாணத்துக்குச் சமைக்கிற அளவு. எனக்காகக் காலையிலிருந்து சமைத்திருக்க வேண்டும். பரிமாறும்போது இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்றுகூடக் கேட்கவில்லை, தட்டு காலியாகக் காலியாகப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். உம்மா வெளியே வரவில்லை. அவர் வராமல் நான் எதைச் சொல்வது? கோழைக்கு இப்படி ஒரு சாக்குக் கிடைத்தால் போதும். காலையில் முதல் பஸ்சுக்கு நிற்கிறேன் என்றேன். மீராசா தடுக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, வடக்கே போகிற பஸ்ஸில் ஏறினேன். பாத்தும்மா மட்டும் வாசல்வரை வந்தாள். "உம்மா விடியச் சுபஹுத் தொழுகையில இருந்து தலைய நிலத்துல வெச்சபடி அழுறா. வழியனுப்ப வர ஏலா" என்றாள். அவளும் என்னைப் பார்த்துப் பேசவில்லை.

பஸ் மருதமுனையைத் தாண்டிப் பெரியநீலாவணைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய சத்தத்தோடு நின்றது. அச்சு முறிந்துவிட்டது. எல்லோரும் இறங்கித் தென்னை நிழலில் நின்றோம். கண்டக்டர் கீழே படுத்துப் பார்த்து ஏதோ கெட்ட வார்த்தையால் திட்டினார். நானும் பழக்கத்தில் படுத்துப் பார்த்தேன். பழைய விரிசல், கிரீஸ் போட்டு மறைத்து ஓட்டியிருக்கிறார்கள். அதைச் சொன்னதும் பக்கத்தில் நின்ற ஒருவர் சிரித்து, என்னோடு பேச்சுக் கொடுத்தார். காரைதீவுக்காரர், பெயர் சிவராசா, கல்முனையில் விஞ்ஞான ஆசிரியர். மட்டக்களப்பில் கல்வி அலுவலகத்துக்கு ஏதோ கடிதம் கொண்டுபோகிறார். என் வயதுதான் இருக்கும். நான் வந்த வேலையைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"ஆதம்பாவாட உம்மாட்டயா வந்தீங்க? நானும் அவனும் ஏ லெவல் ஒண்டாப் படிச்சனாங்க. பாவம், போன மாசம் அந்த மனிசி காரைதீவுக்கு நடந்தே எங்கட வீட்ட வந்தவ. அவன் ஒருக்கா என்ட லென்ஸ் ஒண்ட உடைச்சவனாம். பதினைஞ்சு வருசத்துக்கு முந்தி! எனக்கு மறந்தே போச்சு. அதுக்குப் பொருத்தம் கேட்டு வந்து நிக்கிறா."

"பொருத்தமா? லென்ஸ் எப்படிப் பொருந்தும்?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "லென்ஸ் இல்ல சேர். நாங்க மன்னிக்கிற எண்டு சொல்றத சோனக முஸ்லிம் ஆக்கள் பொருந்திக்கொள்ற எண்டு சொல்லுவாங்க. மௌத்தானவர் ஆருக்கும் பிழை செய்திருந்தா, அடக்குறதுக்கு முந்தி சொந்தக்காரர் எல்லாரிட்டயும் பொருத்தம் கேக்கோணும். அந்த ஆள் பொருந்தாட்டி, மறுமையில அல்லா கூட அத மன்னிக்க மாட்டாராம். இவனுக்கு மையத்தே வரல்ல, கேக்க ஏலாமப் போச்சு. அதால அந்த மனிசி தனித்தனியா ஒவ்வொருத்தரிட்டயும் போய்க் கேட்டவ."

நேற்று நடந்ததைச் சொன்னேன். அவர் ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிக் கேட்டார். "'பொருந்திட்டுதா' எண்டா கேட்டவ, 'பொருந்திக்கிட்டீங்களா' எண்டா?"

"பொருந்திக்கிட்டீங்களா."

"நீங்க?"

"இல்லைன்னேன். இனியும் முடியாதுன்னேன். கீறல் விழுந்தா அவ்வளவுதான்னு சொன்னேன்."

சிவராசா தலையில் கை வைத்தார். "ஐயோ சேர்" என்றார்.

நூல் கணக்கில் அளந்து பிழைக்கிறவன் நான். 'பொருந்துச்சா'வுக்கும் 'பொருந்திக்கிட்டீங்களா'வுக்கும் நடுவே இருந்ததை அளக்கத் தெரியவில்லை. ஒரு தாயைப் பார்த்து, உன் மகனை நான் ஒருநாளும் மன்னிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அவர் வீட்டிலேயே கோழிக்குழம்பு சாப்பிட்டிருக்கிறேன். அதுவும் யார்? அவனைக் கொன்றவன்.

அடுத்த பஸ் எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டர் கல்முனைப் பக்கம் வந்தது. அங்கே அதற்கு உழவு இயந்திரம் என்று பெயர். சிவராசா நடு ரோட்டில் இறங்கி நின்று அதை மறித்தார். என்னை மூட்டை மேல் ஏற்றிவிட்டுத் தானும் ஏறிக்கொண்டார். கடிதம் நாளைக்குப் போகும் என்றார். வழி முழுக்க என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

உம்மா தொழுகைப் பாயிலேயே இருந்தார். நான் வாசலில் நின்று, மூச்சு வாங்காமல், "அம்மா, நான் பொருந்திக்கிட்டேன்" என்றேன். "எனக்கு அந்தச் சொல்லு தெரியாதுங்கம்மா. சாமான் பொருந்துச்சான்னு கேக்கறீங்கன்னு நெனச்சுட்டேன். அவன் எனக்கு என்ன செஞ்சிருந்தாலும் நான் பொருந்திக்கிட்டேன்."

அவருக்குப் புரியவில்லை. சிவராசா முன்னால் வந்து நடந்ததை அவர்கள் பேச்சில் எடுத்துச் சொன்னார். கேட்கக் கேட்க உம்மாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மீராசா உள்ளே போய் ஒரு நீலக் கடிதத்தை எடுத்து வந்து, நானும் தெரிந்துகொள்ள வேண்டுமென்று வாசித்தார். ஆதம் அவன் அம்மாவுக்கு எழுதிய கடைசிக் கடிதம்.

'உம்மா, நான் ஒருவருக்கு அநியாயம் செய்துவிட்டேன். என் கூட்டாளி ஆறு கிழமையாகக் கடைந்த சாமானை, அவர் இல்லாத நேரம் போட்டுப் பார்க்கப் போய்க் கீறிவிட்டேன். அவர் தன் கைப்பிழை என்று நினைத்து ஒவ்வொரு நாளும் தன்னையே ஏசிக்கொள்கிறார். எனக்குச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. இந்த மாதத்துக்குள் சொல்லிப் பொருத்தம் கேட்பேன். துஆச் செய்யுங்கள்.'

நான் அழுதேன். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. ஒரு கீறலைச் சொல்ல அவ்வளவு வெட்கப்பட்டவனின் தாய் முன்னால் நின்றுகொண்டிருக்கிறேன். இப்போது சொல்லாவிட்டால் நான் மனிதனே இல்லை.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லணும்" என்றேன். ஜன்னலைப் பற்றிச் சொன்னேன். அது எதற்காக வைத்திருந்தது, யார் மூடியது, விசாரணையில் நான் எப்படி வாயை மூடிக்கொண்டிருந்தேன், எல்லாம். பாத்தும்மா சுவரோடு சாய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டாள். மீராசா கடிதத்தை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். "என்னைப் பொருந்திக்கணும்னு கேக்கறதுக்குத்தான் வந்தேனுங்க. அதுக்கு அந்தச் சொல்லுங்கறதே எனக்கு இப்பத்தான் தெரியும்."

உம்மா வெகு நேரம் தொழுகைப் பாயின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"அங்க நல்ல குளிரா மகன்?"

"ரொம்பக் குளிருங்க."

"அவனுக்குக் குளிருமெண்டுதானே மூடினீங்க?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ள அவர் தயாராக இருந்தார். கண் அப்படிக் கெஞ்சியது. சொல்லியிருந்தால் அவருக்கும் எனக்கும் லேசாகியிருக்கும்.

"இல்லீங்கம்மா. அவன் தெறந்து வெக்கத்தான் சொல்லுவான். எனக்குத்தான் குளுந்துச்சு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. ஓதுகிறாரா, என்னைச் சபிக்கிறாரா என்று தெரியாமல் நான் நின்றேன். சிவராசா என் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"என்ட பங்க நான் பொருந்திக்கிட்டன் மகன்" என்றார் கடைசியில். குரல் கனிவாகத்தான் இருந்தது. "அவன்ட பங்கு என்ட கையில இல்ல. அத நீங்க அவன்ட்டதான் கேக்கோணும்."

பிறகு எழுந்து உள்ளே போய், எனக்குச் சோறு போட்டுக் கொண்டுவந்தார்.